பாதியில் நின்ற கூழ்

கிரவீன் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் குசினி என்னுடைய பொறுப்பு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஷிப்ட். எனக்குச் சமைக்கக் கற்றுத் தந்தது மெல்பேர்னில் இருக்கும் ஒரு பெண் எழுதும் சமையல் வலைப்பதிவு. வெள்ளிக்கிழமை தவறாமல் பதிவு வரும். கோயிலுக்குப் போக மறந்தாலும் அதைப் பார்க்க நான் மறப்பதில்லை.

ஒருமுறை, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழை இரண்டு பகுதிகளாகப் போட்டார். முதற்பகுதியில் நண்டையும் மீனையும் துப்புரவாக்கி, ஒடியல் மாவை ஊறவைக்கச் சொன்னார். மிச்சம் நாளைக்கு என்றார். அடுத்த வெள்ளியும் போனது, பதிவு வரவில்லை. மாவைக் கொட்டிவிட்டு நண்டை ஃப்ரீசருக்கு மாற்றினேன்.

“தங்கச்சி, உயிரோட இருக்கிறீரோ? நண்டு காத்துக்கொண்டு கிடக்குது” என்று பின்னூட்டம் போட்டேன்.

“ஒரு கூழுக்காக ஆளையே சாகடிக்கிறியள்” என்றாள் மனைவி.

பதில் வந்தது: “மன்னியுங்கோ அண்ணா. வயித்தில பிள்ளை. மீன் மணத்தை நினைச்சாலே சத்தி வருது.”

வெட்கமாகத்தான் இருந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே புளி எவ்வளவு விடுவது என்று கேட்டேன். பாவம், அதையும் சொன்னார். சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சத்தி எடுத்ததாகவும் எழுதினார். கூழ் நன்றாகவே வந்தது.

பிள்ளை பிறந்தபின் பதிவுகள் நாள்தோறும் வருகின்றன. எல்லாம் அவித்து மசித்த பூசணிக்காய். பிள்ளைக்குப் பல் முளைக்கும்வரை பொறுக்கச் சொல்கிறாள் மனைவி. நானோ பதிவில் வரும் படங்களைப் பெரிதாக்கி, பிள்ளையின் முரசில் பல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.