வீரம்மாள் சொன்ன பொய்

ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதி முனையில் வாழையிலை விற்கும் வீரம்மாளிடம் விலையைக் குறைத்து வாங்கலாம். பொய்யை மட்டும் வாங்க முடியாது. "இது நேத்து அறுத்த இலை, ஓரம் காஞ்சு கெடக்கு. விசேஷத்துக்கு ஆகாது. வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்னா எடுத்துக்கங்க" என்று வந்தவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

பக்கத்துப் பூக்கடை முருகானந்தம் தலையில் அடித்துக்கொள்வான். "யக்கா, நீ யாவாரம் பண்றியா, கோர்ட்டுல சாட்சி சொல்றியா?"

"உன் கதம்பத்துல நேத்துப் பூ எவ்வளவு இருக்குன்னும் சொல்லட்டுமா?"

உடனே அவன் குனிந்து பூத் தொடுக்க ஆரம்பித்துவிடுவான்.

புருஷன் செத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து 'நெஞ்சு வலி' என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் வீரம்மாள், "நெஞ்சுவலியும் இல்ல, மண்ணும் இல்ல. குடிச்சே செத்தான்" என்றாள். ஜீயபுரத்திலிருந்து வரும் இலைக்கட்டுகளைத் தலையில் சுமந்தே ஒற்றை மகள் ரஞ்சனியைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். இவ்வளவு காலத்தில் வீரம்மாளைத் திமிர் பிடித்தவள் என்றவர்கள் உண்டு, வாய்க்கொழுப்பு என்றவர்கள் உண்டு. பொய்க்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

தென்னூரில் ஒரு மருத்துவமனை சொன்னது.

பித்தப்பையில் கல். வயிற்றில் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் மருத்துவமனையின் சொந்தக்காரரான டாக்டர் அழகிரி. வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். கத்தியை மட்டும் பஞ்சாங்கத்தைக் கேட்டுத்தான் எடுப்பார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஆபரேஷனை ஆரம்பித்துவிட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டுவார். மருத்துவமனை வாசலில் பளிங்குக் கல் பதித்த பிள்ளையார் சந்நிதி ஒன்று உண்டு. அதற்குத் தனி விளக்கு, தனி மின்விசிறி. உள்ளே பெண்கள் வார்டில் தண்ணீர்க் குழாய்க்குத் திருகு இல்லாமல் துணி சுற்றி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் ஃபெமினா சொல்லியிருந்தாள். காலையில் ரஞ்சனி ஃபிளாஸ்கில் காபி கொண்டு வந்தபோது வீரம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். "வெறும் வயித்துல இருக்கணும்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கு. எடுத்துட்டுப் போடி." காபி என்றால் உயிரையே விடுகிறவள் அவள்.

ஆபரேஷன் அறைக்குள் போகும் முன் ஃபெமினா கேட்டாள். "சாப்டீங்களாம்மா?"

"இல்ல கண்ணு. பச்சத்தண்ணி படல."

மயக்க மருந்து டாக்டர் வேறு மருத்துவமனையில் ஒரு கேஸை முடித்துவிட்டு ஓடி வந்தார். வீரம்மாளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. "வெறும் வயிறுதானே?" என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் தலையாட்டினாள். ஊசி ஏறியது. வீரம்மாளுக்கு நினைவு தப்பியது. அடுத்த நிமிடம் வயிற்றிலிருந்ததெல்லாம் தொண்டைக்கு ஏறி, நுரையீரலுக்குள் இறங்கியது. அதை உறிஞ்சி எடுக்கும் மெஷின் பழுதாகிக் கிடந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவள் முகம் நீலம் பாரித்துவிட்டது.

வேறொரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொண்டையில் குழாயோடு வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தாள். குரல் போய்விட்டது. தெரு முனையிலிருந்து கூவினால் கோயில் மதில் வரை கேட்ட குரல் அது. இப்போது உடைந்த பானையைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். டாக்டர் அழகிரி அன்றைக்கு வராந்தாவில் எல்லோர் முன்னாலும் ரஞ்சனியிடம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "உங்கம்மா பொய் சொல்லிட்டாங்க. நல்லா சாப்டுட்டு, இல்லன்னு சாதிச்சிருக்காங்க. நாங்க என்ன பண்ண முடியும்? ஏதோ பிள்ளையார் காப்பாத்துனாரு."

அந்தச் சொல் அவளுக்கு முன்பே வீதிக்கு வந்து சேர்ந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "இருந்தாலும் நீ மறைச்சிருக்கக் கூடாது வீரம்மா. ஒரு வேளைப் பசிய அடக்க முடியாதா?" என்றார்கள். குடிகாரப் புருஷனுக்கு நெஞ்சுவலி வரவழைத்த அதே வாய்கள்.

"நான் சாப்பிடல" என்று அவள் அந்த உடைந்த குரலில் சொல்வாள். சொல்லச் சொல்ல இருமல் வரும். இருமி முடிப்பதற்குள் வந்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள். பெற்ற மகளே ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். "யம்மா, கோவிச்சுக்காத. நெசமா ஒண்ணும் சாப்டலையா?" வீரம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு சனிக்கிழமை. முருகானந்தம் பெருமாள் கோயில் புளியோதரையை ஒரு தொன்னையில் கொண்டு வந்து கொடுத்தான். வீரம்மாள் கண்ணில் ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொன்னையைக் காலி செய்தாள். ரஞ்சனி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சற்று நேரம் கழித்துக் கேட்டாள். "மாத்திரை போடணும்மா. சாப்டியா?"

"எங்கடி சாப்ட்டேன்? காலையிலேருந்து வெறும் வயிறுதான். பிரசாதம்தான் வாங்கிக்கிட்டேன்."

ரஞ்சனி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்னம்மா சொன்ன?"

"பிரசாதம் வாங்கிக்கிட்டேன்னேன்."

"வயித்துக்குள்ளதான போச்சு?"

"அது சாப்பாடாடி? யாராச்சும் பிரசாதத்தப் போயி சாப்ட்டேன்னு சொல்லுவாங்களா?"

ரஞ்சனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏதாச்சும் பிரசாதம் வாங்கிக்கிட்டியா?"

வீரம்மாளுக்கு முதலில் வந்தது ஞாபகம் அல்ல, வாசனை. நெய், வெல்லம், பச்சைக் கற்பூரம். மயக்கம் தெளிந்த நாளிலிருந்து தொண்டையிலிருந்து இறங்காமல் நின்று, எதைத் தின்றாலும் குமட்ட வைத்த வாசனை. வெள்ளிக்கிழமை காலை. மருத்துவமனைப் பிள்ளையாருக்கு வாராந்திரப் பூஜை. டாக்டர் அழகிரியே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தீபம் காட்டினார். அங்கே கூட்டிப் பெருக்கும் ஆயா ஆனந்தவள்ளி சர்க்கரைப் பொங்கலைத் தொன்னை தொன்னையாக நீட்டிக்கொண்டே வந்தாள். வீரம்மாள் தயங்கி நின்றாள். "ஆபரேஷனுக்குப் போறவங்க வாங்கிக்காம போகக் கூடாதும்மா. டாக்டரய்யா சொல்லியிருக்காரு" என்று ஆயா கையில் திணித்தாள். அதே டாக்டரய்யா இரண்டடி தள்ளிக் கை கூப்பி நின்று பார்த்துச் சிரித்தார்.

காபியைத் தட்டிவிட்ட கை, பொங்கலை வாங்கிக்கொண்டது.

வீரம்மாள் எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். "அவனே குடுத்துட்டு, அவனே என்னப் பொய்க்காரிங்குறான் பாரு" என்றாள். கையில் அகப்பட்ட விளக்குமாற்றை எடுத்தாள். அடிக்க அங்கே யாரும் இல்லாததால் கீழே போட்டாள். அந்தப் பிறவியை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. வெள்ளை அங்கி, பட்டு வேட்டி, பளிங்குப் பிள்ளையார், பழுதான மெஷின், அத்தனைக்கும் மேலே சிரித்த முகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரஞ்சனியின் தோளைப் பிடித்துக்கொண்டு தென்னூருக்கு டவுன் பஸ் ஏறினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்த வராந்தாவில் அவளைப் பொய்க்காரி என்றானோ, அதே வராந்தாவில், நாலு பேர் கேட்க, இல்லை என்று அவன் சொல்ல வேண்டும்.

போனபோது தீபாராதனை முடிந்திருந்தது. வராந்தா பெஞ்சில் பச்சை அங்கி போட்ட ஓர் இளம்பெண், புறங்கையில் ஊசி செருகியிருக்க, மறு கையால் தொன்னையை வாய்க்குக் கொண்டுபோனாள். வீரம்மாள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்தாள். மூச்சிரைக்கப் போய் அந்தத் தொன்னையைத் தட்டிவிட்டாள். பொங்கல் பளிங்குத் தரையில் சிதறியது.

"அய்யோ, பிரசாதம்!" என்று வராந்தாவே அலறியது. ஆயா ஓடி வந்து குனிந்து, சிதறியதைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றினாள். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் அழகிரி கத்தினார். "சாமி பிரசாதத்தத் தட்டி விடுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? யாரும்மா இவளை உள்ள விட்டது?"

வீரம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த ஃபெமினாவை அருகே இழுத்தாள். "நீ எங்கிட்ட கேட்டத இவகிட்ட கேளு."

ஃபெமினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டாள். "சாப்டீங்களா?"

"இல்ல சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். அவள் உதட்டோரம் வெல்லப்பாகு மின்னியது. "நைட்டுலேருந்து தண்ணிகூட குடிக்கல."

ஃபெமினாவின் முகம் வெளுத்தது. வீரம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "இவளும் பொய்க்காரியா?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு அதிக நேரம் இல்லை. "இன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு வேணாம். அடுத்த கேஸ உள்ள கூட்டிட்டுப் போ, சீக்கிரம்" என்றார்.

அடுத்த கேஸ், பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த பெரியவர், விரலில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டே எழுந்தார்.

ரஞ்சனிக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. வீரம்மாள் மகளின் தோளை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். இலை விற்கும்போது நிற்பாளே, அந்த நிலை. மிச்சமிருந்த குரல் முழுவதையும் திரட்டிக் கூவினாள்.

"பிரசாதம் வாங்கிக்கிட்டவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

புண்ணியக் கணக்கு எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்களோ என்னவோ, வராந்தா முழுக்கச் சந்தோஷமாகக் கைகள் எழுந்தன. அவற்றில் பாதிக் கைகளின் புறத்தே ஊசி செருகி வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.