நசீமா சாச்சியின் கிளினிக் கொப்பி

செவ்வாய்க்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரணத்துக்கான ஜனாஸா அறிவித்தல் வந்தது. இன்னாருடைய மனைவி, இன்ன மூவரின் தாயார் என்றார்கள். உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "நம்மட நசீமாவாம்" என்ற பிறகுதான், அது பக்கத்து வீட்டுச் சாச்சி என்று எனக்கு விளங்கியது.

குறிஞ்சாக்கேணித் தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கணவர் புல்மோட்டையில் கடற்றொழில் செய்கிறார். கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். ஒருநாள் கதை வாசித்துக் காட்டுகிறேன் என்று சாச்சியைக் கதிரையில் இருத்தினேன். "இந்தப் பத்து நிமிசத்த என்ட பேருல எழுது மகள், வேற ஒண்டும் என்ட பேருல இல்ல" என்று சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் கடைக்குட்டி எங்கேயோ விழுந்து அழுதாள். கதையின் முடிவை அவர் கேட்கவேயில்லை.

அவருக்குப் பிரஷர் இருந்தது. மாதம் ஒருமுறை கிளினிக். போனால் அரைநாள் போய்விடும், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. என் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். ஆகவே நான்தான் காலையில் அவருடைய கொப்பியை வரிசையில் வைத்துவிட்டு, இடைவேளையில் ஓடிப்போய் மருந்துக் குளிசையை வாங்கி வருவேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பெரிய வேலை செய்கிறேன் என்று எனக்குப் பெருமை.

ஒரு மாதம் டொக்டர் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: நோயாளி நேரில் வரவேண்டும். நான் வாசித்துச் சொன்னேன்.

"சாச்சி, டொக்டர் உங்களத்தான் கேக்கிறார்."

"பொண்ணு பாக்கவா? மூணு புள்ளக்காரி எண்டு சொல்லிடு."

"பகிடி இல்ல சாச்சி. கட்டாயம் வரட்டாம்."

"இந்த மாசம் ஏலாது மகள். மூத்தவளுக்குச் சோதினை. நீயே போ."

நான் போனேன். அடுத்த மாதமும் போனேன். அங்கே கேட்டவர்களிடம், சாச்சிக்குக் காய்ச்சல் என்று பொய்யும் சொன்னேன்.

இடியப்ப உரலைப் பிடித்தபடியே விழுந்தாராம். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டதாம். போன வருடம் எழுதிய அளவுக் குளிசை அவருக்குப் போதாமல் போயிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் மாட்டேன் என்று ஒருமுறை சொல்லியிருந்தால், அல்லது பள்ளிக்கூடம் போகாமல் அந்த மூன்று பிள்ளைகளோடு ஒரு காலை இருந்திருந்தால், அவர் டொக்டரிடம் போயிருப்பார்.

குளிசைப் பையை வாங்கும்போதெல்லாம் என் தலையைத் தடவி, "நீ இருக்கிறதால எனக்கு எவ்வளவு லேசு" என்பார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நன்றிதான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.