அடைக்கும் முன் தட்டுவது

கோலார் தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸ் பக்கம் தசரதனைக் கொத்தனார் என்றுதான் எல்லோரும் அறிவார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் கட்டியதெல்லாம் பூமிக்கு அடியில். லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் தங்கம் தீர்ந்துபோனால், அதன் வாயைச் செங்கல் வைத்து அடைப்பது அவருடைய வேலை. கடைசிக் கல்லை வைக்கும் முன் கரணைப் பிடியால் இரண்டு தட்டு, சற்று விட்டு ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். உள்ளே யாராவது சிக்கியிருந்தால் பதிலுக்குத் தட்டுவான் என்று கணக்கு. அவர் வேலை பார்த்தவரை ஒருமுறையும் பதில் வந்ததில்லை. வராது என்ற தைரியத்தில்தான் தட்டுவதே.

மகள் வாணி பெங்களூரில் இருக்கிறாள். போன மழைக்கு வந்தபோது நடு அறைச் சுவரின் ஈரத்தில் பேத்திக்கு மூச்சு இழுத்துவிட்டது. அறையைச் சரிசெய்யாமல் இனிக் குழந்தையை அனுப்ப மாட்டேன் என்று மருமகன் ரூபேஷ் சொல்லிவிட்டான். தசரதன் ஆள் வைத்தார். அவர்கள் சுவரின் அடிப்பூச்சை உடைத்து, ஈரம் ஏறாமல் மருந்து அடித்து, புதுப்பூச்சு போட்டுவிட்டுப் போனார்கள். உடைத்ததில் தரையின் ஓரமும் பெயர்ந்து, சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து நின்றது. அதை மட்டும் தானே அடைத்துக்கொள்கிறேன் என்றார். சாயங்கால ரயிலில் வாணி குழந்தையோடு வருவதாக ஏற்பாடு.

காலையிலேயே சந்தின் தூசியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கலவையைத் திணித்துக்கொண்டே வந்தார். மூலையில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது, பழக்கத்தில் கை கரணைப் பிடியால் தரையைத் தட்டிவிட்டது.

கீழிருந்து இரண்டு தட்டு. சற்று விட்டு ஒன்று.

அடுக்களையிலிருந்து மனைவி கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, தரைய தட்டிக்கினு? வூட்டுக்குள்ள ஷிஃப்ட் ஓடுதா?"

நீ தட்டினாயா என்று கேட்டார். பெருச்சாளியாக இருக்கும் என்றாள். பொதுச்சுவர் ஆயிற்றே என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. அந்த வீட்டு ஜெயம்மா நேற்றே கோலாருக்குப் போய்விட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

திரும்பி வந்து குந்திக் கலவையை எடுத்தார். இந்தமுறை அவர் தட்டவில்லை. தரைக்கடியில் அதே தட்டு, கொஞ்சம் அவசரமாக.

கிருஷ்ணம்மாவும் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மூடிடுங்க," என்றாள். "கொழந்த வருது. மூடிட்டா கேக்காது."

"கேக்காதுதான்."

கரணையில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. பேத்தி இந்த அறையில் தவழ்வதைப் பார்க்கத்தான் இத்தனையும் செய்தார். ஆனால் லெவலில் இப்படிப் பதில் வந்திருந்தால், போட்ட கல்லையும் எடுத்திருப்பார்கள்.

வாணிக்குப் போன் போட்டார். வேலை முடியவில்லை, வர வேண்டாம் என்றார். உங்கப்பா எப்பவும் இப்படித்தான் என்று பின்னால் ரூபேஷ் கன்னடத்தில் சொல்வது கேட்டது. பிறகு எப்போது வரட்டும் என்று அவள் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டு உளியை எடுத்தார். காலையில் அடைத்ததை, காய்ந்து போகும் முன், முதலிலிருந்து பெயர்க்கத் தொடங்கினார். கிருஷ்ணம்மா டார்ச்சைக் கொண்டுவந்து சந்துக்குள் பிடித்தாள்.