மடியில் வாங்கிய மரச் சுரூபம்

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில் மூன்று கூட்டங்களுக்குப் போனேன். மூன்றிலும் நான் கவனித்தது ஒன்றைத்தான். யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலாவது, பக்கத்து ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்ட நாடகம். மகனைப் பறிகொடுத்த ராணியாக ஒரு ஆள் சேலை கட்டி வந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மைக்கைப் பார்த்தே அழுதார். நடுவில் மைக் கீச்சென்று கத்தியது. அழுகையை நிறுத்தி மைக்செட்காரனை ஒரு முறை முறைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் கிள்ளினாள்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. ஊர் மதுரைக்கு மேற்கே, வயக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பாதி வீடு வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், மீதி வீடு சாமி கும்பிடுகிறவர்கள், எல்லாரும் சொந்தம்தான். பெரிய வெள்ளி சாயங்காலம் எங்கள் கோயிலுக்கு முன்னால் மேடை போட்டு, கர்த்தர் பட்ட பாடுகளை நடிப்போம். பாஸ்கு என்போம். கடைசிக் காட்சியில் அவரைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் கிடத்துவார்கள். அந்த இடத்தில் மட்டும் ஆள் கிடையாது, மரத்தில் செதுக்கிய சுரூபம்தான். தோளில் கீல் வைத்த பழைய சுரூபம் அது. ஆணியைக் கழற்றினால் கை மடங்கும்.

மாதா வேடம் எங்கள் ஊர்த் தையல்காரருடையது. அவருக்கு முன்னால் அவர் அப்பா கட்டினார். அவர் எனக்குக் கொழுந்தன் முறை. மீசையை எடுத்துவிட்டு, நீலச் சேலையைச் சுற்றி, ஆர்மோனியத்துக்குத் தக்கபடி மாதா புலம்பலைப் பாடுவார். குரல் நல்ல குரல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பாட்டாகத்தான் இருக்கும்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், என் மூத்த மகன் லாரியில் போனவன். வடக்கே ஒரு மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி வந்தது. பிறகு அவனுடைய தகரப் பெட்டி வந்தது. ஊர்ப் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் செத்த பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டுதான் பெற்றவள் பாட்டெடுப்பாள். பெட்டியை மடியில் வைத்து எப்படிப் பாடுவது? பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாட்டு எனக்குள்ளேயே கிடந்தது.

நாடகம் பார்த்துத் திரும்பிய அன்றே முடிவு செய்துவிட்டேன். தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பூசை முடிந்ததும், பாஸ்குவை நடத்துகிற கோயில் உபதேசியாரிடம் போனேன். அவர் சாம்பல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருசம் மாதாவுக்கு நான் உக்காரப் போறேன், உபதேசியாரே.”

“எங்கம்மா உக்காரப் போறீக?”

“மேடையிலதான். நீலச் சேல கட்டிக்கிட்டு.”

அவர் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். “மாதாவுக்கு அப்ப அம்பது வயசுகூட இருக்காதும்மா. உங்களுக்கு எம்புட்டு ஆச்சு?”

“தையக்காரருக்கு மட்டும் என்ன, பதினாறா? அவருக்கு மீச வேற இருக்கு.”

“பொம்பளைய மேடையேத்துற வழக்கம் இல்லம்மா.”

“வழக்கம் இல்லேன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். கூடாதுன்னு இன்னும் நீங்க சொல்லல.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். நான் நினைக்கவில்லை.

பாஸ்குவில் வேடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. தபசு காலம் நாற்பது நாளும் பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டும், கறி மீன் தொடக் கூடாது. குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலில் கை வைத்து, “காத்தேன்” என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் வேடத்தை வைத்துவிட வேண்டியதுதான். எனக்கு வேடம் தரவில்லை. ஆனால் நோன்பு காக்க யாரையும் கேட்க வேண்டாமே. நான் காக்க ஆரம்பித்தேன்.

தபசு காலத்தின் நடுவில் வந்தது இரண்டாவது கூட்டம். மதுரை சிம்மக்கல்லில் என் தோட்டத்துக் கத்தரிக்காயை வருஷக் கணக்காக எடுக்கிற கடைக்காரர், தன் பேத்தி காதுகுத்துக்கு அழைத்திருந்தார். அவர் வீடு வில்லாபுரத்தில். தட்டில் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தாய்மாமன் சீர் மேளத்தோடு தெரு முழுக்க நிறைந்து வந்தது. ஒருவர் மைக்கில் சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாகப் புகழ்ந்துகொண்டிருந்தார். மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்தியபோது அது அழுதது பாருங்கள், மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் கறுத்து, பிறகு வீறிட்டு. அதுவரை நான் பார்த்ததில் ஒழுங்காக அழுதது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

பந்தியில் கறிச்சோறு. நான் ரசமும் மோரும் போதும் என்று சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் எதிர் வரிசையில் எங்கள் தையல்காரர். குழந்தையின் பட்டுப் பாவாடை அவர் தைத்தது, அதனால் அவருக்கும் அழைப்பு. வாயில் நல்லி எலும்பு. என்னைப் பார்த்ததும் எலும்பை உறிஞ்சவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே இருந்தார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மதினி, முதலாளி கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டாரு.”

“கையத்தான புடிச்சாரு, கொழுந்தனாரே. வாயுமா புடிச்சாரு?”

“ஒரு துண்டுதான், மதினி.”

“ஒரு ஆட்டுக்கு அம்புட்டு எலும்பு இருக்குன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.”

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “உபதேசியார்கிட்ட சொல்லிருவீகளா? உங்களுக்கும் அந்த வேசத்து மேல ஒரு கண்ணுன்னு ஊரே பேசுது.”

“கண்ணுதான். ஆனா கோள் சொல்லி வாங்குன சேல என் இடுப்புல நிக்காது. நான் சொல்ல மாட்டேன். சுரூபத்து கால்ல கை வச்சு என்ன சொல்லப் போறீகன்னு நீங்க யோசிங்க.”

அதற்குப் பிறகு நான் அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேடம் கை மாறிவிடும் என்று எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் உபதேசியாரைக் கோயில் வாசலில் பார்த்தேன். “தோத்திரம்” சொல்வேன், வேறு எதுவும் சொல்ல மாட்டேன். நாக்கை அடக்குவது கறியை விடுவதைவிடப் பெரிய நோன்பாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பிலாத்து காத்தேன் என்றார். படைவீரர்கள் சொன்னார்கள். யூதாஸ் வேடம் கட்டுகிறவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார், பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. தையல்காரர் முறை. கை சுரூபத்தின் கால் வரைக்கும் போய் நின்றது.

“நான் காக்கல, சாமி,” என்றார். “வில்லாபுரத்துல கறிச்சோறு தின்னுட்டேன்.”

உபதேசியார் தலையில் கை வைத்தார். “அஞ்சு நாளுதான் இருக்கு. புலம்பல் பாட்டு வேற யாருக்குய்யா தெரியும்?”

நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். முழங்கால் வலி, அதனால் மெதுவாகத்தான் நடந்தேன். சுரூபத்தின் காலில் கை வைத்தேன்.

“காத்தேன்,” என்றேன்.

ஆண்கள் பக்கம் சலசலத்தது. இதென்ன புதுப் பழக்கம் என்று ஒருவர் எழுந்தார். உபதேசியார் என்னிடம் குனிந்து, “ஒண்ணு செய்யலாம்மா. ஒரு ஆம்பள சேல கட்டி உக்காரட்டும். நீங்க திரைக்குப் பின்னால நின்னு பாடுங்க,” என்றார்.

“நான் ரேடியோப் பெட்டி இல்ல. பாடுறவ மடியிலதான் பிள்ளையக் கிடத்தணும்.”

பூசை வைக்கிற சாமியார் புதிதாக வந்தவர், வயது குறைவு. அவர் உபதேசியாரிடம் கேட்டார். “காத்தேன்னு சொன்னவங்களத் திருப்பி அனுப்புற வழக்கம் இங்க இருக்கா?”

உபதேசியார் யோசித்தார். “அந்த வழக்கம் இல்ல, சாமி.”

“அப்ப அவங்க உக்காரட்டும்.”

மறுநாள் தையல்காரர் நீலச் சேலையை என் உயரத்துக்கு மடித்துத் தைத்துக் கொண்டுவந்தார். “இடது முட்டிய ஒசத்தி வச்சுக்கங்க, மதினி. சுரூபம் கனம். இல்லேன்னா தலை நழுவிரும். நான் முத வருசம் நழுவ விட்டுட்டேன்.”

மூன்றாவது கூட்டம் எங்கள் பாஸ்குதான். பெரிய வெள்ளி அன்று பொழுது சாய்கிற நேரம். ஏணி வைத்து ஆணியைக் கழற்றினார்கள். கீல் முனகியது. சுரூபத்தை இறக்கி என் மடியில் கிடத்தினார்கள். தையல்காரர் சொன்னபடியே முட்டியை உயர்த்தி வைத்திருந்தேன். மரம் சில்லென்று இருந்தது, எண்ணெய் வாசம் அடித்தது. தலை சரியாக என் இடது கையில் வந்து அமர்ந்தது.

ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. பழைய புலம்பலில் இரண்டு அடி பாடினேன். மூன்றாம் அடி வரவில்லை. மறந்துபோகவில்லை, வேறொன்று வந்துவிட்டது.

“வடக்க போன லாரி
வளைவு தெரியலையோ
வாசல்ல நான் நிக்க
என் ராசாவே
வழியும் தெரியலையோ”

ஆர்மோனியம் நின்றுவிட்டது. கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் ஒருத்தி எழுந்து வந்தாள், பிறகு நாலு பேர். சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மேடைக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் பிடித்து, என் அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். படைவீரர்கள் ஈட்டியைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவன் பிறந்ததிலிருந்து பெட்டி வந்த நாள் வரைக்கும் பாடினேன். பாடி முடித்த பிறகுதான் சுரூபத்தை ஊரைச் சுற்றி எடுத்துப்போகிற பவனிக்குக் கொடுத்தேன். அதுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “பாஸ்குல லாரி கிடையாதேம்மா,” என்றார்.

“தெரியும்.”

“பெரியவங்க ரெண்டு பேரு கோவமா இருக்காக. அடுத்த வருசம் யாரு உக்காருறதுன்னு கேக்குறாக.”

“காத்தவுக உக்காரட்டும், ஆம்பளையோ பொம்பளையோ. தையக்காரரும் காக்கட்டும். நானும் காப்பேன்.”

அவர் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். அவன் சட்டைகள் மூன்று இருந்தன, ஒரு லுங்கி, ஒரு சீப்பு. சட்டைகளைத் துவைத்து, உடுத்துகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சீப்பை வைத்துக்கொண்டேன். பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்து, அதில் வரும் ஆடிக்குக் கத்தரி விதை போட்டு வைத்திருக்கிறேன். மூடி நன்றாகப் பொருந்துகிறது. எலி ஏறாது.