இரண்டு குடம் உப்புத் தண்ணீர்

கம்பியைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. கொல்லிமலையில், தேவனூர் நாட்டு ஊரொன்றில், குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்க்கப் போயிருந்தேன். இரும்புக் கம்பிகளை நட்டு நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, பாறை காட்டும் தடையை அளப்பது என் வேலை. தடை குறைந்தால் கீழே விரிசலும் நீரும் இருக்கலாம். கம்பி மண்ணோடு நன்றாகப் பொருந்த அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஆனால் முந்தின நாள் காலை நாங்கள் ஊற்றியது எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். பாட்டரி தீர்ந்ததால் அன்று அளக்க முடியாமல் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

அந்த மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டேன்.

"நாந்தானுங்க ஊத்துனேன். நேத்து நீங்க ஊத்துனீங்கல்ல, காஞ்சு கெடந்துச்சு. ஓடையில ரெண்டு கொடம் மொண்டாந்து உப்புக் கரைச்சு ஊத்துனேனுங்க சாமி."

அன்று அந்தக் காட்டில்தான் தடை மிகக் குறைவாக வந்தது. எனக்குச் சந்தேகம் வலுத்தது. கம்பியைப் பிடுங்கித் தங்கள் காட்டில் நட்டுக்கொண்டவர்களை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். கிணறு தன் காட்டுக்கு வர இவளும் தந்திரம் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். கம்பியடியில் ஊற்றும் இரண்டு குடம் நீர் ஆழத்துப் பாறையின் அளவை மாற்றாது. படித்தவன், எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த அளவை அடித்துவிட்டேன்.

அங்கே நெருப்புக் குழம்பு மேலேறி உறைந்த கரும்பாறை ஒன்று நீரை மறிக்கும் சுவர்போல நிலத்தடியில் ஓடுகிறது. அதற்கு அப்பால், புறம்போக்கில் இடம் குறித்தேன். போர் வண்டி நாள் முழுக்கத் துளைத்தும் பொடிதான் பறந்தது.

அவள் என்னருகே வந்தாள். "நான் உப்பு ஊத்துனதாலதான் தண்ணி கெடைக்கலீங்களா?"

நான் தாளைப் பார்த்தபடி நின்றேன். கூட்டத்தில் ஒருத்தி, "உப்புக்காரி ஊர்த் தண்ணியவே வெரட்டிட்டா" என்றாள். அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்தது.

போன வருடம் வேறு ஆட்கள் வந்து அவள் காட்டிலேயே துளைத்தார்கள்; தண்ணீர் பீறிட்டது. கேள்விப்பட்டு மலையேறினேன். குழாயடியில் பெண்களோடு நின்றிருந்தாள். "உப்புக்காரி, கொடத்துல கைய வெச்சுறாத" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: இவள் ஊற்றிய உப்பால் எதுவும் கெடவில்லை, தண்ணீர் இங்கே இருப்பதாக அன்றே கருவி காட்டியது, இவள்மேல் சந்தேகப்பட்டு இடத்தை மாற்றியவன் நான்.

அவள் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க. அந்தக் கடைசியில நிக்கிறவளுக்குக் காது கேக்காது. பேரு வெச்சவ அவதான்."

சத்தமாகச் சொன்னேன்.