அண்ணன் பெயர் பொறித்த பதக்கம்

நாடுகாணிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தெய்வம்மா குடியிருந்தாள். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. இலங்கைத் தோட்டங்களில் அதைக் காம்பரா என்பார்கள். எழுபத்துநாலில் கப்பலேறி வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது. தெய்வம்மா கை வேகமானவள். கொழுந்து பறிக்க இறங்கினால் அவளை எட்டிப் பிடிக்க ஆளில்லை. வாய்தான் கிடையாது. அந்நிய ஆண்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அறியாதவள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தோட்டமே கூடியிருந்த இடத்தில் புருஷனுடைய அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். எல்லாம் ஒரு பதக்கத்தால் வந்தது.

பதக்கம் அவள் புருஷன் ஆண்டி வாங்கியது. அதன் விளிம்பில் பொறித்திருந்த பெயரோ பரமசிவன். அது ஆண்டியின் அண்ணன் பெயர்.

நாற்பத்திரண்டில் அவர்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தார்கள். யுத்த காலம். பாதை போடவும் பாரம் சுமக்கவும் பட்டாளத்துக்கு ஆள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். பெரிய கங்காணி ஐந்து பெயரைக் கொடுத்தார். அதில் பரமசிவன் ஒருவன். பரமசிவனின் பெண்டாட்டி கைப்பிள்ளைக்காரி. ஆளும் கொஞ்சம் பயந்த சுபாவம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. காய்ச்சல் என்று மூன்று நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். பதினேழு வயது ஆண்டி, அண்ணனுடைய பற்றுச்சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வரிசையில் நின்றான். பெயர், தகப்பன் பெயர், தோட்டம் மூன்றும் எழுதிய சீட்டு அது. யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்த ஆள். படமா ஒட்டியிருக்கிறது? அக்காள் பெயரில் தங்கை கொழுந்தெடுப்பதும், அண்ணன் சீட்டில் தம்பி வேறு தோட்டத்துக்குப் போவதும் அங்கே யாருக்கும் குற்றமாகப் பட்டதில்லை. பட்டாளத்துக்கும் அதே பழக்கம் செல்லும் என்று நினைத்துவிட்டார்கள்.

பட்டாளத்திலும் அது சென்றது. மூன்று வருடம் ஆண்டி பரமசிவனாகவே மண் வெட்டினான். இம்பால் பக்கம் ஒரு மண்சரிவில் மூன்று பேர் புதைந்துபோனார்கள். மேலே குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஓடு என்று உத்தரவு. ஆண்டி ஓடாமல் நின்று வெறுங்கையால் தோண்டி மூன்று பேரையும் வெளியே இழுத்துப் போட்டான். அதற்குத்தான் பதக்கம். ஊர் திரும்பியதும், "ஒம் பேருக்கு மெடல் வாங்கிட்டு வந்திருக்கேண்ணே" என்று கிண்டல் செய்தான். பரமசிவன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அன்று அழுதது நிஜம்தான் என்றே தெய்வம்மா கடைசிவரை நம்பினாள்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், இருபத்தைந்து வருடம். இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றானதும் பாஸ்போர்ட்டுக்காகக் கண்டியில் ஓர் ஆபீஸ் வாசலில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இந்தியப் பட்டாளத்தில் இருந்தவனாயிற்றே என்ற பெருமையில் ஆண்டி பதக்கத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். குமாஸ்தா அதைத் திருப்பி விளிம்பைப் படித்தான். "இதில் பரமசிவன் என்று இருக்கிறது. நீ ஆண்டி. எங்கேயடா திருடினாய்?" என்று வரிசையே கேட்கும்படி கத்தினான். நாலு ஆள் தள்ளிப் பரமசிவன் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் காகிதத்துக்கும் வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயம். ஆண்டி பதக்கத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு அதை யாரிடமும் காட்டவில்லை.

எழுபத்தேழு ஆடி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாவதற்கு முந்தின நாள் தெய்வம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "திருட்டுப் பயன்னு சொல்லிட்டானுக புள்ள. பட்டாளத்துக் காயிதத்துல எம் பேர ஏத்திரு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கூடலூரில், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ஜெஸிந்தா என்று ஒரு டீச்சர். அவள் பட்டாள ஆவணங்கள் இருக்கும் ஆபீசுக்கு எழுதிப் போட்டாள். நாலு மாதத்தில் பதில் வந்தது. ஏட்டில் இருப்பது பெயர், எண், தகப்பன் பெயர், தோட்டம், பதக்க விவரம், அவ்வளவுதான். அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பனும் ஒன்று, தோட்டமும் ஒன்று. ஆகவே, தான் பட்டாளத்துக்குப் போகவில்லை, போனது தம்பிதான் என்று உயிரோடிருக்கும் அண்ணன் எழுதித் தரவேண்டும். விதவையும் ஒரு வாக்குமூலம் தரவேண்டும். இரண்டையும் ஊட்டியில் உள்ள பட்டாள ஆபீசில் தந்தால் திருத்தலாம் என்றிருந்தது.

"இவ்வளவுதானா டீச்சர்!" என்று தெய்வம்மா சிரித்தே விட்டாள். அண்ணன் நாலு காம்பரா தள்ளி இருக்கிறார். அவருக்காகப் போய் நின்ற தம்பிக்கு இதைக்கூடச் செய்யமாட்டாரா?

ஆனால் பரமசிவன் அவளுக்கு மூத்தார். புருஷனின் அண்ணன் எதிரே வந்தால் முக்காடு போட்டு ஒதுங்க வேண்டும், நேருக்கு நேர் பேசக்கூடாது. ஆகவே மகன் தங்கவேலு நடுவில் நின்று பேசினான். அவன் பத்தாவது வரை படித்தவன்; தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளை கழிக்கும் கவ்வாத்து வேலை. பரமசிவன் வாசலுக்கே வந்து, கதவுக்குப் பின்னால் நின்றவளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எந் தம்பி எனக்காவப் போனவன். இதச் செஞ்சு குடுக்கலேன்னா எங் கட்ட வேகாது. மெடலக் குடுக்கச் சொல்லு தங்கவேலு. நானே ஊட்டிக்குப் போய் நேர்ல குடுத்துட்டு வாறேன். பொம்பள எதுக்கு ஆபீசு ஆபீசா ஏறி எறங்கணும்?"

தெய்வம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதக்கத்தை யாரிடமும் விட்டுவிடாதே என்று ஜெஸிந்தா சொல்லியிருந்தாள். அது ஊரார் விஷயத்தில் பார்க்க வேண்டிய ஜாக்கிரதை, சொந்த மூத்தாரிடம் எதற்கு என்று நினைத்தாள். பதக்கத்தைத் துடைத்து, புதுத்துணியில் முடிந்து கொடுத்தாள். அடுத்த வாரம் பரமசிவன் மூலமாக அவளுடைய வாக்குமூலம் டைப் அடித்து வந்தது. காம்பராவிலேயே அதைப் படித்துக் காட்டினார்கள். என் புருஷன்தான் பட்டாளத்துக்குப் போனவர் என்று அழகாக எழுதியிருந்தது. இடது பெருவிரலை மையில் ஒற்றி அழுத்திக் கொடுத்தாள்.

ஆறேழு மாதம் ஒரு சேதியும் இல்லை. இடையில் தங்கவேலுவுக்கு ஃபேக்டரிக்குள் வேலை கிடைத்தது. மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை. அப்பன் செய்த புண்ணியம் என்று தெய்வம்மா விளக்கேற்றினாள்.

எழுபத்தொன்பது குடியரசு தினத்தன்று ஃபேக்டரி முற்றத்தில் கொடி ஏற்றினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களெல்லாம் ஓரமாக நின்றிருந்தார்கள். யுத்தத்தில் பதக்கம் வாங்கிய வீரர் ஒருவர் நம் தோட்டத்திலேயே இருக்கிறார், அவருக்கு மாலை போடுகிறோம் என்று மேனேஜர் அறிவித்தார். காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு பரமசிவன் முன்னால் வந்தார். இடது மார்பில் பதக்கம் தொங்கியது.

தெய்வம்மாவுக்கு முதலில் புரியவேயில்லை. தம்பிக்குப் பதிலாக அண்ணன் வாங்கிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள், பாவி. மேனேஜர் "திரு. பரமசிவன் அவர்கள்" என்று சொல்லி, மூன்று பேரைக் காப்பாற்றிய கதையை விவரித்து, எல்லோரும் கை தட்டியபோதுதான் விளங்கியது. முக்காடு நழுவியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏய் பரமசிவா! அவுறு அத! கம்பளிக்குள்ள ஒளிஞ்சு கெடந்த நாயி, எம் புருசன் மெடலப் போட்டுக்கிட்டு நிக்கிறியா?"

கை தட்டல் நின்றுவிட்டது. பரமசிவன் அசையவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, "தம்பி சம்சாரங்க ஐயா. அவன் போனதுல இருந்து புத்தி கொஞ்சம் சரியில்ல" என்றார். இரண்டு பெண்கள் தெய்வம்மாவைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவள் அன்று அழுத அழுகை புருஷன் செத்தபோதுகூட அழுததில்லை. செத்தவனைச் சாவு கொண்டுபோனது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இது கூடப்பிறந்தவன் செய்தது. அதுவும் அவளுடைய கையாலேயே வாங்கிக்கொண்டு போய்ச் செய்தது.

ஜெஸிந்தா விடவில்லை. மறுபடி எழுதினாள். ஆடியில் ஊட்டிக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஜெஸிந்தா கூட்டிப்போனாள்; தங்கவேலுவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். அம்மாவுக்குக் குடை பிடித்தான், பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான். பிள்ளையாவது பக்கத்தில் இருக்கிறானே என்று அவளுக்குத் தெம்பாக இருந்தது.

விசாரித்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கோயமுத்தூர்க்காரர். தன்மையான மனுஷர்.

"உக்காருங்கம்மா. உங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லுங்க."

தெய்வம்மா ஜெஸிந்தாவைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் ஒருநாளும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை.

"நீங்க வாயில சொன்னாத்தானுங்க நான் எழுத முடியும்."

"ஆண்டி" என்றாள். நாக்கு கூசியது, ஆனாலும் சொல்லிவிட்டாள். பற்றுச்சீட்டுக் கதை, மண்சரிவு, கண்டியில் பட்ட அவமானம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபைலில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இந்த ரேகை உங்களுதுங்களா?"

"என்னோடதுதாங்க ஐயா. நாந்தான் வச்சுக் குடுத்தேன்."

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கறனுங்க. 'என் கணவர் ஆண்டி எந்தக் காலத்திலும் பட்டாளத்தில் பணிபுரியவில்லை. அவரிடம் இருந்த பதக்கம், அவருடைய அண்ணன் பரமசிவன் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்தது.'"

"ஐயோ, அது நாஞ் சொன்னது இல்லீங்க! எனக்குப் படிச்சுக் காட்டுனது வேற!"

"படிச்சுக் காட்டுனது யாருங்கம்மா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் காகிதத்தைத் திருப்பினார்.

"சாட்சி, ஆ. தங்கவேலு. இது யாருங்க?"

"அவங்க மகன்" என்றாள் ஜெஸிந்தா, தலையைக் குனிந்துகொண்டு. அப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொண்டே அப்பனை இல்லை என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான் மகன். மூத்தார் செய்தது ஒரு துரோகம் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

"தெரிஞ்சே தப்பாப் படிச்சேன்னு உங்க பையன் ஒத்துக்கிட்டா இந்தக் காயிதம் செல்லாதுங்க" என்றார் அதிகாரி. "ஆனா பொய்ச் சாட்சின்னு அவரு மேல நடவடிக்கை வரும். வேலையும் போகும். நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க."

அவள் வராந்தாவுக்கு வந்தாள். தங்கவேலு குடையை மடக்கிக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"பெரியப்பாதாம்மா சொன்னாரு. பட்டாளத்து ஆளுன்னா மேனேஜர் கேப்பாரு, ஃபேக்டரியில வேல வாங்கித் தாறேன்னாரு. அப்பாதான் போய்ச் சேந்துட்டாரே, செத்தவருக்கு மெடல் எதுக்கும்மா? நானும் கவ்வாத்து வெட்டியே சாகணுமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்த மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்குத் தெரியும்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனோ என்னமோ" என்றாள் தெய்வம்மா. "படிச்சுக் காட்டுறேன்னு சொல்லி ஏமாத்திட்டியேடா. எழுத்துத் தெரியாதவன்னுதானே?"

"அம்மா, உள்ள போய் ஒண்ணுஞ் சொல்லிராதம்மா. வேல போயிரும்மா."

அவள் உள்ளே போனாள். உட்காரவில்லை.

"எழுதிக்கங்க ஐயா. படிச்சவனும் சாட்சி போட்டவனும் எம் மவன். பொய்யின்னு தெரிஞ்சே படிச்சான்."

கூப்பிட்டுக் கேட்டபோது தங்கவேலு இரண்டாவது தடவை பொய் சொல்லவில்லை. வேலை போயிற்று. கூடலூரில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பரமசிவன் பதக்கத்தை வாட்ச்மேன் கையில் தெய்வம்மாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, தேவாலாவில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தோட்டத்தில் யாரும் பரமசிவனைத் திட்டவில்லை. பெற்ற பிள்ளை சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்று தெய்வம்மாவைத்தான் திட்டினார்கள். அவள் தனியே ஆக்கித் தனியே தின்றாள். ராத்திரிகளில் அவளுக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து ஐப்பசியில் தபால்காரர் நல்லசாமி ஒரு ரிஜிஸ்டர் கடிதத்தோடு வந்தார். கையில் கொடுக்கவில்லை.

"வாரிசு பேருக்கு வந்திருக்குதுங்கம்மா. மூத்த மகன் தங்கவேலுன்னு போட்டிருக்கு. அவரு கையெழுத்து இல்லாமக் குடுக்க முடியாதுங்க. கூடலூர் தபாலாபீசுல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

மறுநாள் அவள் பஸ் ஏறிக் கூடலூருக்குப் போய் லாரி ஷெட் வாசலில் நின்றாள். தங்கவேலு கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். இருவரும் தபாலாபீசுக்கு நடந்தார்கள். அவன் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"படி" என்றாள்.

அவன் உறையைப் பிரித்தான். பரமசிவன் என்ற பெயரில் பணிபுரிந்தவர் காலஞ்சென்ற ஆண்டியே என்று விசாரணையில் உறுதியாகியிருக்கிறது, பதக்கம் அவர் பெயரிலேயே பதிவு செய்யப்படுகிறது என்று படித்துவிட்டு நிறுத்தினான்.

"கீழ இன்னும் இருக்குல்ல, அதையும் படி."

தபாலாபீசில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவன் குரல் இறங்கிப்போனது. "முன்னர் பெறப்பட்ட வாக்குமூலம், அவருடைய மகன் தங்கவேலு வேண்டுமென்றே தவறாகப் படித்துக் காட்டி ரேகை பெற்றது என்பதால் தள்ளுபடி செய்யப்படுகிறது."

முழுக்கப் படித்து முடித்தான். கண் கலங்கியிருந்தது. தெய்வம்மா கடிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்மா. அங்கிட்டு எங்க போற?"

"ஜெஸிந்தா டீச்சர்கிட்ட" என்றாள். "நீ படிச்சதுதான் இதுல இருக்கான்னு கேக்கணும்."