நடு ஊரில் இருபத்தேழு மணி நேரம்

சீதாராமன் பதினாறு வருஷமாக விமான டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஏறச் சொன்னாலும் ஏறியிருக்க மாட்டார். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய டிராவல்ஸ் ஆபீஸ். சாயங்காலம் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவார். பாதிப் படியில் நின்று யோசிப்பார். திரும்ப ஏறி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் வீட்டுக்குப் போகக் கால் வரும். கீழே வெற்றிலைக் கடைக்காரர் இதைத் தினமும் பார்த்துச் சிரிப்பார்.

முதலாளி மட்டும் சிரிக்க மாட்டார். "இந்த மனுஷன் பயப்படுறதாலதான் நான் பயப்படாம தூங்குறேன்" என்பார். அது உண்மைதான். எந்த ஊருக்கு என்ன ஊசி போட வேண்டும், எந்தப் பாஸ்போர்ட்டில் எத்தனை மாசம் பாக்கி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தடித்த விதிப் புத்தகத்தில் மூன்று தடவை பார்த்த பிறகுதான் டிக்கெட்டில் பேனாவை வைப்பார். கடைசியில் பிரயாணியை எதிரே உட்காரவைத்துப் புத்திமதி சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லவும் வைப்பார். பாஸ்போர்ட்டைக் கையை விட்டு விடாதே. யார் கூப்பிட்டாலும் வெளி வாசலைத் தாண்டாதே. தரையில் கோடு போட்டிருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில். கேட்பவர்கள் வெளியே போய்க் கிண்டல் பண்ணுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

எண்பத்து நாலாம் வருஷம் பங்குனியில் அன்னக்கொடி வந்தாள். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் நைஜீரியாவில் ஸ்கூல் வாத்தியார். எட்டு மாசப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போக வேண்டும். பம்பாயில் ஏறி, நடுவில் ஒரு ஊரில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டும். அந்த ஊரின் பெயர் அவள் வாயில் நுழையாததால் 'நடு ஊர்' என்றே சொன்னாள். கூட வந்த அண்ணன் நல்லகாமனும் அப்படியே சொன்னான். போகப் போக சீதாராமன் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பம்பாயில் ஏறினால் மத்தியானம் பன்னிரண்டுக்கு நடு ஊர். மூன்று மணிக்கு அடுத்த விமானம். மூன்றே மணி நேரம் காத்திருந்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகுதான் நல்லகாமன் தனியாக ஓடிவந்தான். "சார், ஊர்ல செவ்வாக்கெழமை காப்புக் கட்டுறாக. காப்புக் கட்டிட்டா ஊர்ல இருக்குற ஆளு திருவிழா முடியுற வரைக்கும் எல்லையத் தாண்டி ராத் தங்கக்கூடாது. தங்கச்சி செவ்வா சாயங்காலம்ல கெளம்புறதா இருக்கு? திங்கக்கெழமையே அனுப்பிரணும். ஒரு நா முன்னாடி மாத்திக் குடுங்க சார்."

"பம்பாயில ஒரு நாள் தங்கிண்டு அதே பிளேன்ல போகட்டுமேப்பா."

"எங்க சார் தங்கும்? கூட்டிட்டுப் போற சிவனாண்டி, பம்பாயில எட்டு ஆம்பளையோட ஒரே ரூம்ல கெடக்கான். ரயில்ல இருந்து இறக்கி நேரா ஏர்போர்ட்ல விட்டுருவான். நானும் போக முடியாது, தீச்சட்டி எடுக்கேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள்தானே. முதல் விமானத்தை வியாழக்கிழமைக்கு மாற்றினார். இரண்டாவது விமானம் வாரத்துக்கு இரண்டு நாள்தான். அது வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. ஊசி, பாஸ்போர்ட் எல்லாம் போன வாரமே பார்த்தாகிவிட்டதே என்று விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் திறக்கவில்லை. புத்திமதி மட்டும் வழக்கம்போல் சொன்னார். டிக்கெட் வாங்க வந்த அன்னக்கொடி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கவனமாகத் திருப்பிச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வேறொருவர் அதே ஊர் வழியாகப் போக வேண்டுமென்று வந்தார். சீதாராமன் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நடுவில் இறங்கி மாறுகிறவர்களுக்கு அந்த ஊரில் என்ன சட்டம் என்று போட்டிருந்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறுகிறவர்கள் விசா இல்லாமல் ஏர்போர்ட்டுக்குள்ளேயே காத்திருக்கலாம். அதற்கு மேல் ஆனால் டிரான்சிட் விசா வேண்டும். இல்லாதவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வியாழன் பன்னிரண்டிலிருந்து வெள்ளி மூன்று. விரல் விட்டு எண்ணினார். இருபத்தேழு. மறுபடி எண்ணினார். இருபத்தேழேதான் வந்தது.

எதிரே இருந்தவர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. விமானக் கம்பெனி ஆள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மாவும் குழந்தையும் காலையிலேயே ஏறிட்டாங்களே" என்று சந்தோஷமாகச் சொன்னான். அங்கே யாராவது விசா எங்கே என்று கேட்டுத் தடுத்திருக்கக் கூடாதா? அன்றைக்குப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

ஆகாயத்தில் போகிற பெண்ணுக்கு என்ன சேதி அனுப்புவது? இறங்கியதும் பிடித்துக்கொள்வார்களோ, பூட்டி வைப்பார்களோ, திருப்பி பம்பாய்க்கே ஏற்றிவிடுவார்களோ. அங்கே ஏர்போர்ட்டில் சிவனாண்டிகூட நிற்க மாட்டான். தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது, கையில் பால் குடிக்கிற குழந்தை. வீட்டில் மனைவி வாலாம்பாள் சாதத்தைப் போட்டுவிட்டு, "ஏன்னா, உடம்புக்கு என்ன? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கே" என்றாள். பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு ஆபீசைப் பூட்டினோமா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலங்காநல்லூர் பஸ் ஏறினார். அண்ணன்காரனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம். வழியெல்லாம் சொல்லப்போகிற வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே போனார். பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

நல்லகாமன் மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க சாமிக்கு உங்கள வரவைக்கணும்னு தோணிருக்கு பாருங்க!" கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். பெரிய சொம்பில் பானகம் வந்தது. "நம்ம அன்னக்கொடிய ஏத்திவிட்ட சார்" என்று நாலு பேரிடம் காட்டினான். தாயார் ஒச்சாயி வந்து கும்பிட்டு, "எம் பிள்ள போய்ச் சேந்திருக்குமா சாமி?" என்று கேட்டாள்.

"தந்தி நம்ம ஆபீசுக்குத்தான் வரும்மா. வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார் சீதாராமன். பானகத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தார். தன்னைப்போல ஒரு கோழை மதுரை ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை தந்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் போலீசோ என்று எழுந்து நின்றார். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தந்திக்காரர் வந்தார். அவரையே பிரித்துத் தரச் சொன்னார். அம்மாவும் குழந்தையும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்று இருந்தது. சீதாராமன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தந்திக்காரர் சாவுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு மாசம் கழித்து நல்லகாமன் கடுதாசியோடு வந்தான். "தங்கச்சி எழுதிருக்கு. உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லிருக்கு" என்று அவனே படித்தான்.

"நடு ஊர்ல இறங்குனதும் ரெண்டு ஆபீசரு வந்து என்னமோ கேட்டாக. பாஸ்போர்ட்டை விரிச்சுக் காட்டினேன், சார் சொன்னபடி கைய விடல. 'பம்பாய், பம்பாய்'ன்னாக. ஆமா, பம்பாயில இருந்துதான் வாரேன்னு தலையாட்டினேன். எந்திரிச்சு வரச் சொல்லி வாசப் பக்கம் கைய நீட்டுனாக. யாரு கூப்பிட்டாலும் வாசலத் தாண்டக்கூடாதுன்னு சார் சொல்லிருக்காருல்ல, நான் அசையல. பாப்பா கத்துன கத்துல அவுகளே போயிட்டாக. தரையில மஞ்சக் கோடு போட்டிருந்துச்சு. நம்ம ஊர்ல காப்புக் கட்டிட்டா எல்லையத் தாண்டாம இருக்கோம்ல, அதுமாதிரின்னு நெனச்சுக்கிட்டு மறுநா வரைக்கும் அந்த நாற்காலியிலயே இருந்தோம். தரையக் கூட்டுற அம்மா பாப்பாவுக்குச் சுடுதண்ணி குடுத்துச்சு. எனக்குப் பயமே இல்ல. சாருக்கு நான் கும்பிட்டதாச் சொல்லு."

அந்த 'பம்பாய்' என்ன என்று சீதாராமனுக்குப் புரிந்தது. திருப்பி ஏற்றத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மயிரிழையில் தப்பியிருக்கிறாள். அந்தக் கும்பிடை மட்டும் அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நல்லகாமா, அது என் தப்புப்பா" என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார்.

அவன் கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "அன்னைக்கு ஊருக்கு வந்து பானகம் குடிச்சீகளே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எங்க ஆத்தா கேட்டப்பவும்?"

"தெரியும்."

அவன் முகம் கறுத்துப்போயிற்று. கை ஓங்கிவிடுவான் என்றே சீதாராமன் நினைத்தார். கீழே பஸ்காரர்கள் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பச் சொல்லிருந்தீகன்னா காப்ப அத்துப் போட்டுட்டு ஓடிருப்பேன்" என்றான் கடைசியில். "எந்தப் பக்கம் ஓடுறதுன்னுதான் தெரிஞ்சிருக்காது. தேதிய மாத்தச் சொன்னதும் நாந்தானே." எழுந்து வாசல் வரை போனவன் நின்றான். "இத அன்னக்கொடிக்கு எழுதிராதீக சார். ரெண்டு வருசத்துல பிள்ளையத் தூக்கிட்டு அதே வழியாத்தான் அது திரும்பி வரணும். தெரிஞ்சா பயந்துரும். இந்தப் பயம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருவதற்கான டிக்கெட்டையும் சீதாராமன்தான் எழுதினார். நடு ஊரில் காத்திருப்பு இரண்டு மணி நாற்பது நிமிஷம். தான் எண்ணியது போதாதென்று முதலாளியையும் வாலாம்பாளையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

ஊர் வந்து சேர்ந்ததும் அன்னக்கொடி குழந்தையை நடத்திக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்தாள். "இந்தத் தடவ ஓட்டமும் நடையுமாப் போச்சு சார். போன தடவ மாதிரி நிம்மதியா உக்கார நேரமே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"அப்படியாம்மா" என்றார் சீதாராமன்.